ராமநாதபுரம் கடற்கரையில் கூடாரம் போட்டுத் தங்க நினைக்கும் மதுரைக்காரர்களுக்கு

மதுரை செல்லூரில் வளர்ந்தவள் நான். கடல் பழகியது கல்யாணத்துக்கு அப்புறம்தான். வீட்டுக்காரருக்கு ஊர் உச்சிப்புளிப் பக்கம், கொழுந்தனார் இன்றைக்கும் வத்தை என்கிற சின்னப் படகில் போய் வலை போடுகிறவர். லீவு விட்டால் எங்கள் தெருப் பிள்ளைகளையும் சேர்த்துக் கூட்டிக்கொண்டு போய் அங்கே கூடாரம் போட்டுத் தங்குவோம். எப்படி, எங்கே என்று கேட்கிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்.

முதலில் எந்தக் கடல் என்று முடிவு பண்ணுங்கள். ராமநாதபுரத்துக்குக் கிழக்கே நிலம் ஒடுங்கிப் போகிறது. வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. ராமேசுவரத்துக்காரர்கள் வடக்குக் கடலைப் பெண் கடல் என்பார்கள், தெற்குக் கடலை ஆண் கடல் என்பார்கள். பிள்ளைகளோடு போகிறவர்களுக்குப் பெண் கடல்தான் சரி. அதிலும் உச்சிப்புளிக்குப் பக்கத்தில் உள்ள அரியமானில் கரை சரிவில்லாமல் நீளமாகப் போகும், அலையும் சிறிதுதான். ஆனால் ஐப்பசி, கார்த்திகையில் போகாதீர்கள். வாடைக்காற்றும் மழையும் சேர்ந்தால் பெண் கடலும் பொங்கும். ஆனி, ஆடியில் கச்சான் என்கிற மேல்காற்று மண்ணை வாரி முகத்தில் அடிக்கும். தை பாதியிலிருந்து பங்குனி வரைக்கும்தான் நல்ல காலம். வலசை வந்த பறவைகளும் அப்போது இன்னும் திரும்பிப் போயிருக்காது.

மதுரையிலிருந்து ராமநாதபுரம் சுமார் 115 கிலோமீட்டர். மாட்டுத்தாவணியில் ராமேசுவரம் பஸ் ஏறினால் உச்சிப்புளியில் இறங்கிக்கொள்ளலாம். ராமேசுவரம் பாசஞ்சர் ரயிலும் உண்டு.

தங்கும் இடத்துக்கு அனுமதி வாங்குவதை மட்டும் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். இலங்கை பக்கம் என்பதால் ராத்திரியில் கரையில் புது ஆள் இருந்தால் போலீஸ் வந்து விசாரிக்கும். உச்சிப்புளியில் ஐஎன்எஸ் பருந்து என்ற கடற்படை விமானதளம் இருக்கிறது, அதனால் ட்ரோன் கேமராவை வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986லிருந்து தேசியப் பூங்கா, அங்கே போய்த் தங்கலாம் என்ற நினைப்பே வேண்டாம். என் யோசனை, வெறும் மணலில் தங்காமல் கரையை ஒட்டிய தென்னந்தோப்பிலோ சவுக்குத் தோப்பிலோ உரிமையாளரிடம் கேட்டுப் போடுவது. ஊர்ப் பெரியவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள், காவல் நிலையத்திலும் பெயர், ஆதார் விவரம் கொடுத்துவிடுங்கள். மரியாதையாகக் கேட்டால் ராத்திரி எட்டிப் பார்த்துவிட்டுப் போகவும் ஆள் இருக்கும்.

வத்தை இழுத்து ஏற்றும் தடத்திலும், வலை காயப்போடும் இடத்திலும், கரைவலை இழுக்கிற இடத்திலும் கூடாரம் போடக் கூடாது. விடியற்காலையில் அவர்கள் பிழைப்புக்கு வரும்போது நாம் நடுவில் படுத்துக் கிடந்தால் நன்றாகவா இருக்கும்? தென்னந்தோப்பு என்றால் காய் விழாத இடமாகப் பாருங்கள். விரிக்கும் முன் தரையைக் கையால் தடவிப் பார்ப்பது முக்கியம். அந்தப் பக்கம் முழுக்கச் சீமைக்கருவேலம். அதன் முள் ஒன்று மணலில் நிமிர்ந்து நின்றால் போதும், தார்ப்பாயையும் துளைத்துக் காலையும் பதம் பார்த்துவிடும்.

கூடாரத்தோடு வரும் கம்பி ஆணி மணலில் நிற்காது. காற்று ஒரு தடவை தூக்கினாலே, வெண்ணெயில் குத்திய ஊசி மாதிரி உருவிக்கொண்டு வரும். மளிகைக் கடையில் காலிச் சாக்கு வாங்கிப் போங்கள். பாதிக்கு மணல் அள்ளி வாயை இறுக்கிக் கட்டுங்கள். கூடாரக் கயிற்றைச் சாக்கின் நடுவயிற்றில் சுற்றி முடிச்சுப் போடுங்கள். ஒரு முழ ஆழத்துக்குக் குழி தோண்டி, கயிறு இழுக்கிற திசைக்குக் குறுக்காகச் சாக்கைப் படுக்கவைத்து மூடி மிதியுங்கள். மேல் மணல் காய்ந்து உதிரும், அரை முழத்துக்குக் கீழே ஈரமாகக் கெட்டியாக இருக்கும். அந்த ஈரத்தில் சாக்கு உட்கார்ந்துவிட்டால் அசையாது. வாசல் கடலைப் பார்க்க வேண்டும் என்று பிள்ளைகள் அடம்பிடிக்கும். கேட்காதீர்கள். தை, மாசியில் காற்று கடல் பக்கமிருந்துதான் வரும், வாசலைத் தோப்புப் பக்கம் வையுங்கள்.

சவுக்குச் சருகு பற்றினால் தோப்பே போய்விடும். விறகு அடுப்பு வேண்டாம், சின்ன கேஸ் அடுப்பு போதும். குடிதண்ணீரை ராமநாதபுரத்திலேயே கேன் கணக்கில் வாங்கிவிடுங்கள், அங்கே பல கிணறுகள் உப்பு. மீனைக் கரையிலேயே வாங்கலாம்.

தண்ணீரில் இறங்கும்போது காலைத் தூக்கித் தூக்கி வைக்காமல் தரையோடு தேய்த்தபடி நடக்கச் சொல்லுங்கள். "மதினி, திருக்கை நாம மிதிச்சாத்தான் அடிக்கும், அசைவு தெரிஞ்சா ஓடிரும்" என்பார் கொழுந்தனார். அடித்துவிட்டால் பொறுக்கும் அளவு சுடுநீரில் காலை வைத்துக்கொண்டே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். சொறி மீன், அதாவது ஜெல்லி மீன், பட்டால் கடல் தண்ணீரால் மட்டும் கழுவுங்கள். நல்ல தண்ணீர் ஊற்றவும் கூடாது, தேய்க்கவும் கூடாது.

காலையில் கரையோரம் நாடா நாடாவாகக் கடற்புல் ஒதுங்கிக் கிடக்கும். குப்பை என்று நினைக்க வேண்டாம். ஆவுளியா என்று மீனவர்கள் சொல்லும் கடற்பசு தின்பது இதைத்தான். அந்தக் குவியல் பக்கத்தில் அசையாமல் உட்காருங்கள். கொஞ்ச நேரத்தில் உள்ளான் என்கிற சின்னக் கரைப்பறவைகள் வரும். அலை பின்வாங்கும்போது பின்னாலேயே ஓடி, ஈர மணலில் அலகை விட்டு விட்டு எடுத்து, அடுத்த அலை வருமுன் குடுகுடுவென்று திரும்பி ஓடும். பைனாகுலர் இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் தெரியும். பாட்டுப் பெட்டி வேண்டவே வேண்டாம்.

தை முதல் பங்குனி வரை ஆமை முட்டையிடும் காலமும்கூட. மணலில் டிராக்டர் தடம் போல ஒன்று கடலிலிருந்து ஏறி வந்திருந்தால் மிதிக்காதீர்கள், தோண்டாதீர்கள், வனத்துறைக்குச் சொல்லுங்கள். ராத்திரி கடல் பக்கம் டார்ச் அடிக்காதீர்கள், வெளிச்சம் கண்டால் ஆமை கரை ஏறாமல் திரும்பிவிடும். பிள்ளைகள் சிப்பி பொறுக்கும்போதும் ஒரு கண் வையுங்கள். செத்துக் கரை ஒதுங்கிய பவளத் துண்டானாலும் எடுத்து வந்தால் வனவிலங்குச் சட்டப்படி குற்றம். கடல் அட்டை, கடல் குதிரைக்கும் அதே சட்டம்தான், யாராவது விற்க வந்தாலும் வாங்காதீர்கள்.

கிளம்பும் அன்று சாக்கு மணலை அங்கேயே கொட்டிக் குழியை மூடிவிட்டு, நைலான் கயிற்றுத் துண்டு ஒன்று விடாமல் பொறுக்குங்கள். திரும்பும் வழியில் ராமநாதபுரத்தை ஒட்டிய சக்கரக்கோட்டை கண்மாய்க்குப் போங்கள். 2025இல் ராம்சார் என்கிற உலக ஈரநிலப் பட்டியலில் சேர்ந்த பறவைகள் சரணாலயம் அது. வெயில் ஏறுமுன் கரையில் நின்று, தண்ணீருக்குள் நிற்கும் கருவேல மரங்களின் உச்சியைப் பாருங்கள். கூழைக்கடாவும் மஞ்சள் மூக்கு நாரையும் அங்கேதான் உட்கார்ந்திருக்கும். கண்மாய்க்குள் இறங்க வேண்டாம், கரையிலிருந்து பார்த்தாலே போதும்.