பங்குனி, சித்திரையில் இயற்கையைக் கவனிக்கத் தொடங்குவது எப்படி?

கேமரா, பைனாகுலர் எல்லாம் வாங்கிய பிறகு தொடங்கலாம் என்று தள்ளிப்போடாதீர்கள். ஒரு நோட்டு, ஒரு பேனா, ஒரு பாட்டில் தண்ணீர் போதும்.

1. முதலில் ஒரு மரத்தைத் தேர்ந்தெடுங்கள். தினமும் கடந்துபோகிற மரமாக இருக்கட்டும். நான் புங்கனைத்தான் சொல்வேன். பங்குனி வாக்கில் பழைய இலையைக் கொட்டிவிட்டு, சில நாட்களிலேயே பளபளவென்று தளிர்த்துவிடும். பின்னாலேயே பூக்கும். காலையில் மரத்தடி முழுக்கப் பொரி இறைத்தாற்போல் பூ கிடக்கும், மேலே தேனீ மொய்க்கும். வேம்பும் நல்லதுதான்: இப்போது பூத்து ஆனி, ஆடியில் பழுக்கும், பழம் தின்னப் பறவைகள் வரும்.

2. காலை ஆறிலிருந்து எட்டுக்குள் போங்கள். அதற்கு மேல் நம் ஊர் வெயிலில் பறவைகளும் நிழலுக்கு ஒதுங்கிவிடும்.

3. ஒரே இடத்தில் அசையாமல் நின்று காதைத் தீட்டுங்கள். கூவுகிற குயில் ஆண். உடம்பு கன்னங்கரேல், கண் சிவப்பு. பெண் குயில் பழுப்பு, உடம்பெல்லாம் வெள்ளைப் புள்ளி. அது முட்டையிடுவது காக்கைக் கூட்டில். அதனால் காக்கை குயிலைத் துரத்துவதைப் பார்த்தால், பக்கத்தில் கூடு இருக்கிறதா என்று கவனியுங்கள்.

4. தேதி, நேரம், பார்த்தது மூன்றையும் எழுதுங்கள். பெயர் தெரியாவிட்டால் 'கறுப்பு, பிளந்த நீள வால், மாட்டு முதுகில் உட்கார்ந்திருந்தது' என்று எழுதினால் போதும். அப்புறம் படத்தோடு ஒப்பிட்டால் கரிச்சான் என்று தெரிந்துவிடும். பெயரைவிட அது என்ன செய்தது என்பதுதான் முக்கியம்.

5. காங்கேயம், தாராபுரம் பக்கம் இருந்தால் கொறங்காட்டுக்கு, அதாவது வேலி போட்ட மேய்ச்சல் நிலத்துக்குப் போகாமல் இருக்காதீர்கள். கிளுவை வேலி, வெள்வேல மரம், மின்கம்பியில் பனங்காடை. இந்த மாதங்களில் பனங்காடை உயரப் பறந்து, குட்டிக்கரணம் போட்டபடி இறங்கும். இறக்கையின் நீலம் அப்போதுதான் முழுசாகத் தெரியும். தோட்டத்துக்காரரிடம் கேட்டுவிட்டு உள்ளே போங்கள். காலடியைப் பார்த்து நடங்கள்: ஆட்காட்டி வெறுந்தரையில்தான் முட்டையிடும், முட்டை மண்ணோடு மண்ணாகத் தெரியாது. தலைக்கு மேல் கத்திக்கொண்டே சுற்றினால் வந்த வழியே திரும்பிவிடுங்கள்.

6. கண் பழகியதும் ஈரோட்டுப் பக்கம் வெள்ளோடு, திருப்பூர்ப் பக்கம் நஞ்சராயன் குளம் என்ற பறவைகள் சரணாலயங்களுக்குப் போங்கள். வெள்ளோடு 2022-லும் நஞ்சராயன் குளம் 2024-லும் உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தவை. வலசை வந்த பறவைகளில் பல சித்திரைக்குள் கிளம்பிவிடும். பங்குனியிலேயே போய்விடுங்கள்.