காரை எலும்பு தூக்கி நிற்கிறதா? ஆபரேஷனுக்கு முன்னும் பின்னும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சைக்கிளிலிருந்தோ பைக்கிலிருந்தோ தோள் தரையில் மோதும்படி விழுந்தால், காரை எலும்பின் வெளிமுனை தோளுக்கு மேலே முட்டிக்கொண்டு நிற்பது உண்டு. காரை எலும்பும் தோள்பட்டை எலும்பின் மேல்நுனியும் சேரும் சின்ன மூட்டு விலகிவிட்டது என்று அர்த்தம். கை எலும்பின் பந்து கிண்ணத்தை விட்டு நழுவுவது வேறு விஷயம். அதை உள்ளே போட்டால் பெரும்பாலும் உட்கார்ந்துவிடும். இது அப்படி உட்காராது. அழுத்தினால் இறங்கும், கையை எடுத்தால் மறுபடி எழும்பும். பிடித்து வைத்திருந்த தசைநார்களே அறுந்துபோயிருக்கும்போது நீவியும் அமுக்கியும் பயனில்லை, வலிதான் கூடும்.

அடுத்த தவறுதான் எல்லாவற்றிலும் பெரியது. மேடு தெரிகிறது, அதனால் ஆபரேஷன் வேண்டும் என்று முடிவு கட்டிவிடுவது. உண்மையில் எலும்பு மேலே போனதைவிட, கையின் எடையால் தோள் கீழே இறங்கியதுதான் அதிகம். அடிபட்ட கையின் முழங்கையை இன்னொரு கையால் லேசாகத் தாங்கிப் பிடித்துக்கொண்டு கண்ணாடியில் பாருங்கள், மேடு சின்னதாகத் தெரியும். மேட்டின் அளவை மட்டும் வைத்துச் சிகிச்சையைத் தீர்மானிக்க முடியாது.

மருத்துவர்கள் பார்ப்பது விலகலின் வகையை. 1984-இல் அமெரிக்க எலும்பு மருத்துவர் ராக்வுட் வகுத்த ஆறு வகைப் பிரிவுதான் இன்றும் பழக்கத்தில் இருக்கிறது. லேசான முதல் இரண்டு வகைக்கும் ஸ்லிங் (கையைக் கழுத்திலிருந்து தொங்கவிடும் தூளி), வலி மாத்திரை, அப்புறம் பிசியோதெரபி போதும். நான்கு, ஐந்து, ஆறாம் வகைகளுக்குப் பொதுவாக அறுவை சிகிச்சை. இடையில் உள்ள மூன்றாம் வகையில்தான் இன்னும் விவாதம் ஓடுகிறது. முழுமையான விலகல்களில் ஹுக் பிளேட் (எலும்பை இடத்தில் பிடித்து வைக்கும் கொக்கி வைத்த தகடு) போட்டவர்களையும் ஆபரேஷன் இல்லாமல் விட்டவர்களையும் ஒப்பிட்ட கனடா ஆய்வு ஒன்று 2015-இல் வெளிவந்தது. ஆரம்ப மாதங்களில் ஆபரேஷன் செய்யாதவர்களே கையை நன்றாகப் பயன்படுத்தினார்கள். ஓராண்டு, ஈராண்டு கழித்துப் பார்த்தபோது இரு தரப்புக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. எக்ஸ்ரேயில் அழகாகத் தெரிந்தது ஆபரேஷன் செய்தவர்களின் மூட்டுதான், ஆனால் சிக்கல்களும் அவர்களுக்கே அதிகம். அதனால் மூன்றாம் வகை என்றால் முதலில் ஆபரேஷன் இல்லாமல் முயன்று பார்ப்பதே சரி என்பேன். தலைக்கு மேல் கையைத் தூக்கி வேலை செய்பவர்கள், பந்து எறிபவர்கள் போன்றோர் மட்டும் இதைத் தங்கள் மருத்துவரோடு தனியாகப் பேசி முடிவெடுக்கலாம்.

ஒரே ஒரு எக்ஸ்ரேயோடு நிறுத்திக்கொள்வதும் ஆபத்து. நான்காம் வகையில் காரை எலும்பு பின்பக்கமாகப் போய்த் தசைக்குள் குத்தி நிற்கும். முன்னாலிருந்து எடுத்த படத்தில் அது கிட்டத்தட்ட சரியாக இருப்பது போலவே தெரியலாம். அக்குள் பக்கமிருந்து ஒரு படம் எடுத்தால் பிடிபட்டுவிடும். இரண்டு தோளையும் சேர்த்து எடுப்பதும் அவசியம், ஒப்பிடாமல் எவ்வளவு விலகியிருக்கிறது என்று சொல்ல முடியாது.

அவசரம் கூடாது என்றேன், அதற்காக மாதக்கணக்கில் தள்ளிப்போடுவதும் தவறுதான். ஆபரேஷன் தேவை என்று உறுதியான காயங்களில் முதல் மூன்று வாரம் முக்கியம். அதற்குள் எலும்பை இடத்தில் கொண்டுவந்து பிடித்து வைத்தால், அறுந்த தசைநார்கள் தாமாகவே ஒட்ட வாய்ப்பு உண்டு. நாள் போனால் அந்த முனைகள் சுருங்கி வடுவாகிவிடும். பிறகு வெறுமனே பிடித்து வைத்தால் நிற்காது, தொடையிலிருந்தோ வேறிடத்திலிருந்தோ தசைநாண் எடுத்துப் புதிதாகக் கட்ட வேண்டிவரும்.

எந்த முறை என்று கேட்காமலே கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள், அதுவும் வேண்டாம். இப்போது பரவலாகச் செய்யும் ஒரு முறையில், காரை எலும்பையும் அதற்குக் கீழே தோள்பட்டை எலும்பிலிருந்து வளைந்து நீளும் கோரகாய்டு முனையையும் உறுதியான நூலாலும் சிறு உலோகப் பட்டன்களாலும் இழுத்துக் கட்டுவார்கள். சின்னத் துளை வழியே கேமரா விட்டுச் செய்யும் ஆர்த்ரோஸ்கோப்பியிலும் செய்யலாம். நூலைக் கோக்க எலும்பில் துளை போட்ட இடத்தில் அது உடையக்கூடும் என்பது இதன் பலவீனம். ஹுக் பிளேட்டில், தகட்டின் கொக்கி தோள் நுனிக்கு அடியில் போய் நிற்கும். பிடிமானம் நல்லது. ஆனால் கையைத் தூக்கும்போதெல்லாம் அந்தக் கொக்கி மேலே இருக்கும் எலும்பின் அடிப்பக்கத்தை உரசும். அதனால்தான் மூன்று நான்கு மாதத்தில் எடுத்துவிடச் சொல்கிறார்கள். வலி போய்விட்டதே, இன்னொரு ஆபரேஷன் எதற்கு என்று அப்படியே விட்டால் எலும்பு அரித்துக்கொண்டே போகும். பிளேட் போடச் சம்மதிக்கும்போதே எடுக்கும் தேதியையும் கேட்டு வையுங்கள். மூட்டுக்குக் குறுக்கே கம்பி மட்டும் செருகுவது பழைய வழக்கம். கம்பி நகர்ந்து நெஞ்சுக்குள் போன சம்பவங்கள் பதிவானதால் பெரும்பாலும் கைவிட்டுவிட்டார்கள்.

ஆபரேஷன் முடிந்ததும் பலர் சறுக்குவது ஸ்லிங் விஷயத்தில். வலி குறைந்ததும் இரண்டாம் வாரத்திலேயே கழற்றிவிடுகிறார்கள். நூலும் பிளேட்டும் தற்காலிகப் பிடிதான், தசைநார் ஆறும் வரை கையின் எடை அதில் தொங்கக் கூடாது. நான்கிலிருந்து ஆறு வாரம் வரை, தூங்கும்போதும் ஸ்லிங் இருக்கட்டும். அதே சமயம் விரல், மணிக்கட்டு, முழங்கையை முதல் நாளிலிருந்தே அசைக்க வேண்டும், இல்லாவிட்டால் அவை இறுகிப்போகும். கனமான எடை தூக்குவது மூன்று மாதத்துக்குப் பிறகு, மோதி விளையாடும் ஆட்டங்கள் நான்கிலிருந்து ஆறு மாதம் கழித்து. புகைப்பழக்கம் இருந்தால் ஆபரேஷனுக்கு முன்பே நிறுத்துங்கள், காயம் ஆறுவதை அது தாமதப்படுத்தும்.

பிறகு எடுக்கும் எக்ஸ்ரேயில் எலும்பு கொஞ்சம் மேலே தெரிந்தால் பதற வேண்டாம். வலியும் பலவீனமும் இல்லையென்றால் பெரும்பாலும் அதற்காக மறுபடி கத்தி வைப்பதில்லை. காய்ச்சல், தையலில் சீழ், கையில் புதிதாக மரத்துப்போன உணர்வு, திடீரென்று மேடு பெரிதாவது, இவற்றில் எது வந்தாலும் அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்காமல் அன்றே போய்க் காட்டுங்கள்.