ஓவர்கிளாக் செய்வதற்கு முன் மதர்போர்டை மீட்கப் பழகுங்கள்

பிராசசரின் வேகத்தை இயல்புக்கு மேல் கூட்டுவது, அதாவது ஓவர்கிளாக் செய்வது, எப்படி என்று சொல்லித்தர இணையத்தில் ஆள் நிறைய. கூட்டிய பிறகு திரை கறுப்பாகவே நின்றுவிட்டால் என்ன செய்வது என்று நிதானமாகச் சொல்கிறவர்கள் குறைவு. முதல்முறை செய்கிறவர்கள் பயந்துபோவது அந்த இடத்தில்தான். போர்டு செத்துவிட்டது என்று நினைத்து, ஒன்றுமே ஆகாத போர்டைத் தூக்கிக்கொண்டு கடைக்கு ஓடுகிறார்கள். அதனால் இங்கே வரிசையை மாற்றியிருக்கிறேன். முதலில் மீட்பது, அது கைக்கு வந்த அப்புறம் வேகம்.

உங்கள் போர்டு இடம் கொடுக்குமா?

சிபியு-இஸட் என்ற இலவச மென்பொருளை இறக்கித் திறந்தால் பிராசசரின் பெயரும் போர்டின் சிப்செட்டும் தெரியும். இன்டெல் என்றால் பெயரின் கடைசி எழுத்துகளில் 'கே' இருக்க வேண்டும், போர்டு 'இஸட்' வரிசையாக இருக்க வேண்டும். பி660, பி760 போர்டுகளில் ரேமின் வேகத்தைக் கூட்டலாம். பிராசசரின் வேகத்தை நிர்ணயிக்கும் மல்டிபிளையரைத் தொட முடியாது. ஏஎம்டி ரைசன் பெரும்பாலும் பூட்டு இல்லாமலே வருகிறது. அதற்கு 'பி' அல்லது 'எக்ஸ்' வரிசை போர்டு போதும். ஏ320, ஏ520 போர்டுகளில் பிராசசர் ஓவர்கிளாக் கிடையாது.

1972-இல் இன்டெல் நம் பினாங்கின் பாயான் லெப்பாஸில் கால் வைத்ததிலிருந்து, சிப்பைச் சோதிப்பது இங்கே பல குடும்பங்களின் பிழைப்பு. சோதனையில் எந்தச் சிப் எவ்வளவு வோல்டேஜில் எந்த வேகத்தைத் தாங்குகிறது என்று பார்த்துத்தான் தரம் பிரிக்கிறார்கள். எந்தச் சூழலிலும் தவறாமல் ஓட வேண்டும் என்று கொஞ்சம் மிச்சம் வைத்தே பெட்டியில் வேகத்தை அச்சிடுகிறார்கள். நாம் எடுக்கப்போவது அந்த மிச்சத்தை. அது சிப்புக்குச் சிப் மாறும். உங்கள் நண்பரின் எண்களை அப்படியே உங்கள் பயாஸில் (கணினி துவங்கும்போது திறக்கும் போர்டின் அமைப்புத் திரை) போட்டால் ஓடாமல் போவதற்குக் காரணம் இதுவே. ஓவர்கிளாக்கால் சேதம் வந்தால் பிராசசரின் வாரண்டி உதவாது என்பதையும் இப்போதே மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

மீட்கும் வழி

கணினி நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் இன்றைக்கே இதை ஒருதடவை செய்து பாருங்கள். அதற்கு முன் இரண்டு வேலை. பயாஸில் இப்போது உள்ள பக்கங்களை எல்லாம் கைப்பேசியில் படம் எடுத்துவிடுங்கள். விண்டோஸில் பிட்லாக்கர் (டிஸ்க்கைப் பூட்டும் வசதி) போட்டிருந்தால் அதன் மீட்பு எண்ணைக் காகிதத்தில் எழுதிவையுங்கள். பயாஸ் மாறினால் விண்டோஸ் சில சமயம் அதைக் கேட்கும்.

சரி, கணினியை அணையுங்கள். பவர் சப்ளையின் பின்னால் உள்ள சுவிட்சையும் சுவரில் உள்ள சுவிட்சையும் அணையுங்கள். அப்புறம் கேஸின் பவர் பட்டனைச் சில நொடி அழுத்திப் பிடியுங்கள். உள்ளே தேங்கியிருக்கும் மின்சாரம் போய்விடும். பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றி, கேஸின் உலோகச் சட்டத்தை ஒருதரம் தொட்டு, உங்கள் உடம்பில் உள்ள நிலைமின்சாரத்தை இறக்குங்கள்.

போர்டில் காசு போல ஒரு பேட்டரி தெரியும். அதன் அருகிலோ போர்டின் கீழ் ஓரத்திலோ இரண்டு சிறிய ஊசிகள் நீட்டிக்கொண்டிருக்கும். பக்கத்தில் 'கிளியர் சீமாஸ்' (பயாஸ் அமைப்பை அழிப்பது) என்றோ 'ஜேபேட்1' என்றோ அச்சிட்டிருக்கும். சில போர்டில் அது பின்பக்கப் பட்டனாகவே இருக்கும். கையேட்டில் படம் இருக்கிறது. திருப்புளியின் முனையை இரண்டு ஊசிகளையும் ஒரே நேரத்தில் தொடும்படி வைத்து, 10 நொடி பிடியுங்கள். ஊசிகளைக் கண்டுபிடிக்க முடியவில்லையா? அந்தப் பேட்டரியைக் கழற்றி ஐந்து நிமிடம் கழித்துப் போடுங்கள். எண் சி.ஆர்.2032, 3 வோல்ட். கைக்கடிகாரக் கடையிலும் கிடைக்கும்.

மறுபடி மின்சாரம் கொடுத்ததும் முதல் துவக்கம் வழக்கத்தைவிட மெதுவாக இருக்கும். இரண்டு மூன்று முறை தானாக அணைந்து எரியக்கூடும். கடைசியில் 'அமைப்புகள் மாறிவிட்டன' என்ற செய்தியோடு பயாஸ் வரும். நீங்கள் போட்ட எல்லா எண்களும் போய், தொழிற்சாலை அமைப்பு திரும்பியிருக்கும். ஓவர்கிளாக்கில் தவறு நடந்தால் பெரும்பாலும் நீங்கள் செய்ய வேண்டியது இவ்வளவுதான்.

ஃபேன் ஓடுகிறது, திரை வரவில்லை

"அண்ணே, ஃபேன் சுத்துது, லைட் எரியுது, ஸ்கிரீன்ல மட்டும் ஒண்ணும் வரல." புதிதாகக் கணினி கட்டுகிற தம்பிகளிடமிருந்து நான் அதிகம் கேட்கும் வாக்கியம் இது. பட்டர்வொர்த்தில் ஒரு தம்பியின் கணினியில் நான் பார்த்தது, ஹெச்டிஎம்ஐ கேபிள் மதர்போர்டில் செருகப்பட்டிருந்தது. அவரிடம் இருந்தது 'எஃப்' என்று முடியும் இன்டெல் பிராசசர். அதற்குள் கிராஃபிக்ஸ் கிடையாது. கேபிளைக் கழற்றி கிராஃபிக்ஸ் கார்டில் போட்டதும் படம் வந்தது. எனவே முதலில் கேபிள், மானிட்டரில் தேர்ந்தெடுத்த உள்ளீடு. அப்புறம்தான் திருப்புளி.

கேபிள் சரி என்றால் போர்டின் வலது மேல் ஓரத்தைப் பாருங்கள். இன்றைய போர்டுகள் பலவற்றில் நான்கு சின்ன விளக்குகள் உண்டு: சிபியு (பிராசசர்), டிரேம் (ரேம்), விஜிஏ (கிராஃபிக்ஸ்), பூட் (துவக்க டிஸ்க்). துவங்கும்போது ஒவ்வொன்றாக எரிந்து அணையும். எது அணையாமல் நிற்கிறதோ அங்கே சிக்கல்.

டிரேம் விளக்கு நின்றால் அவசரப்படாதீர்கள். டிடிஆர்5 ரேம் போட்ட போர்டு முதல் துவக்கத்தில் ரேமைப் பழக்கிக்கொள்ளப் பல நிமிடம் எடுக்கும். அதுவரை திரை கறுப்பாகத்தான் இருக்கும். பத்து நிமிடம் கடந்தும் மாறவில்லை என்றால் மின்சாரத்தை முழுவதும் அணைத்து எல்லா ரேமையும் எடுங்கள். தங்க நிற முனைகளை வெள்ளை அழிரப்பரால் மெதுவாகத் தேய்த்து, தூளை ஊதாமல் தூரிகையால் தட்டிவிடுங்கள். ஈரக் காற்றும் தூசியும் உள்ள நம் ஊரில் அந்த முனைகள் மங்கிப்போவது சகஜம். ஒரே ஒரு ரேமை, பிராசசரிலிருந்து எண்ணினால் இரண்டாவதாக வரும் பள்ளத்தில் வைத்து, இரண்டு பக்கமும் சமமாக அழுத்துங்கள். 'டக்' என்று கிளிப் ஏறும் சத்தம் கேட்க வேண்டும். கேட்கவில்லை என்றால் அது உட்காரவில்லை. ஓடினால் அதை எடுத்துவிட்டு அடுத்ததையும் அதே பள்ளத்தில் சோதியுங்கள். இரண்டும் நல்லது என்று தெரிந்தபின் இரண்டாம், நான்காம் பள்ளங்களில் போடுங்கள்.

சிபியு விளக்கு நின்றால் போர்டின் மேல் மூலையில் உள்ள 8 முனை மின்கேபிள் செருகியிருக்கிறதா என்று பாருங்கள். பெரிய 24 முனை கேபிளை மட்டும் போட்டுவிட்டு இதை மறப்பவர்கள் பலர். இரண்டாவது சந்தேகம், போர்டு உங்கள் பிராசசரைவிடப் பழைய பயாஸில் இருக்கிறது என்பது. பயாஸ் ஃபிளாஷ்பேக் பட்டன் இருக்கும் போர்டில் பென்டிரைவ் மூலமாகவே புதுப்பிக்கலாம்.

ஃபேன்கூட அசையவில்லையா? பிளக்கின் உள்ளே இருக்கும் 13 ஆம்பியர் ஃபியூஸ், பவர் சப்ளையின் சுவிட்ச், 24 முனை கேபிள், இந்த வரிசையில் பாருங்கள். பிறகு கேஸின் பவர் பட்டன் ஒயரைக் கழற்றி, அது இருந்த இரண்டு ஊசிகளைத் திருப்புளியால் ஒருகணம் தொடுங்கள். கணினி எழுந்தால் குற்றவாளி பட்டன்தான். இடிமழைக்குப் பிறகு இப்படி ஆனால் லேன் கேபிளையும் சந்தேகியுங்கள். மின்னலின் அதிர்ச்சி ரவுட்டர் வழியாகவும் போர்டுக்குள் வரும். வானம் கறுத்தால் மின்கேபிளோடு லேன் கேபிளையும் கழற்றுவது நல்ல பழக்கம்.

நம் ஊர் வெப்பம்

நீங்கள் பார்க்கும் வெளிநாட்டு வீடியோக்களில் அறை 20, 22 டிகிரியில் இருக்கும். மதியம் ஏர்கான் போடாத நம் அறையில் 31, 32 சாதாரணம். அறை 10 டிகிரி கூடினால் பிராசசரும் ஏறத்தாழ 10 டிகிரி கூடும். அங்கே 80 காட்டிய அமைப்பு இங்கே 90 காட்டும். இரவில் ஏர்கான் போட்டு சோதித்து 'ஓடிவிட்டது' என்று தூங்கப்போகிறவர்களுக்கு அடுத்த நாள் மதியம் நீலத் திரை வருவது இதனால். இறுதிச் சோதனையை மதியம் இரண்டு மணிக்கு மேல், ஏர்கானை அணைத்துச் செய்யுங்கள். நம் ஊருக்கு இதைவிட முக்கியமான அறிவுரை என்னிடம் இல்லை.

வோல்டேஜைப் பார்த்து ஏற்றச் சொல்வதற்கும் இதுதான் காரணம். வெப்பம் வேகத்தோடு நேராக ஏறுகிறது. வோல்டேஜோடு அதன் வர்க்கமாக ஏறுகிறது. 4.5 கிகாஹெர்ட்ஸில் 1.20 வோல்டில் ஓடும் சிப்பை 4.8-க்கு, 1.28 வோல்டுக்குக் கொண்டுபோனால் வேகம் கூடுவது சுமார் 7 சதவீதம். வெப்பமோ சுமார் 21 சதவீதம் கூடுகிறது.

வேகத்தைக் கூட்டுவது

இன்டெல் ஐ5-12600கே, ஓர் இஸட்690 போர்டு என்று வைத்துக்கொள்வோம். இதன் பெரிய கோர்கள் (பிராசசருக்குள் கணக்கிடும் பகுதிகள்) ஆறும் சேர்ந்து உழைக்கும்போது இயல்பான வேகம் 4.5 கிகாஹெர்ட்ஸ். அடிப்படைத் துடிப்பு 100 மெகாஹெர்ட்ஸ், மல்டிபிளையர் 45. இரண்டையும் பெருக்கினால் 4500. நாம் மாற்றுவது மல்டிபிளையரை மட்டும். அடிப்படைத் துடிப்பைத் தொடாதீர்கள், அதோடு வேறு பாகங்களும் சேர்ந்து இழுபடும்.

தொடங்கும் முன் பயாஸைப் புதுப்பியுங்கள். இன்டெல் 13, 14-ஆம் தலைமுறை பிராசசர்களுக்கு இது கட்டாயம். அளவுக்கு மீறிய வோல்டேஜ் கேட்டு அவை பழுதாவதை 2024-இல் இன்டெல் ஒப்புக்கொண்டு, திருத்தத்தைப் பயாஸ் வழியாகத்தான் கொடுத்தது. 2023-இல் ஏஎம்டியின் 7000 வரிசை எக்ஸ்3டி சிப்புகள் சில கருகிய பிறகு, எஸ்ஓசி வோல்டேஜுக்கு (சிப்பில் கோர் அல்லாத பகுதிக்குப் போவது) 1.3 என்று வரம்பு வந்ததும் பயாஸ் வழியாகவே.

ரேமின் எக்ஸ்எம்பியை (ரேமைக் கூடுதல் வேகத்தில் ஓட்டும் தயார் அமைப்பு) அணைத்து எல்லாவற்றையும் இயல்பில் வைத்து, பிராசசரை உழைக்கவைத்து மதிப்பெண் தரும் சினிபெஞ்சை 10 நிமிடம் ஓட்டுங்கள். பக்கத்தில் வெப்பத்தைக் காட்டும் ஹெச்டபிள்யூஇன்ஃபோ64 திறந்திருக்கட்டும். மதிப்பெண், உச்ச வெப்பம், அறை வெப்பம் மூன்றையும் நோட்டில் எழுதுங்கள். இதைவிட மதிப்பெண் கூடவில்லை என்றால் அப்புறம் செய்யும் எதற்கும் பொருள் இல்லை.

இப்போது பயாஸ். பெரிய கோர்களின் ரேஷியோவை (மல்டிபிளையர்தான்) எல்லாக் கோருக்கும் 46 என்று வையுங்கள். கோர் வோல்டேஜைத் தானியங்கியிலிருந்து மாற்றி 1.20 என்று கொடுங்கள். தானியங்கியில் விட்டால் பல போர்டுகள் தேவைக்கு அதிகமாகவே ஊற்றும். உழைப்பு ஏறும்போது வோல்டேஜ் சரியாமல் பார்க்கும் லோட் லைன் கேலிபிரேஷன் என்ற அமைப்பை நடு நிலையில் வையுங்கள். சிறிய கோர்களை அப்படியே விடுங்கள். எஃப்10 அழுத்திச் சேமித்து, மறுபடி சினிபெஞ்ச். ஓடினால் 47. கணினி உறைந்தாலோ நீலத் திரை வந்தாலோ வோல்டேஜை 0.02 கூட்டுங்கள். ஒரு தடவைக்கு ஒரே ஒரு மாற்றம். இரண்டை மாற்றினால் எது கெடுத்தது என்று கண்டுபிடிக்க முடியாது.

மதிய வெப்பத்தில் 85 டிகிரியையோ 1.30 வோல்டையோ தொட்டால் நிறுத்துங்கள். இந்தச் சிப்பின் உச்சவரம்பு 100 டிகிரி. அதுவரை போகலாம் என்று அதற்குப் பொருள் இல்லை. கிடைத்த உச்ச வேகத்திலிருந்து ஒரு படி இறங்கி அங்கே தங்குங்கள். அந்த ஒரு படி வித்தியாசம் விளையாட்டில் தெரியாது, நிம்மதியில் தெரியும்.

ரைசன் 5000, 7000 வைத்திருப்பவர்கள் இப்படி ஒரே வேகத்தில் பூட்ட வேண்டாம். ஒரு கோர் மட்டும் உழைக்கும்போது அது தானாகத் தொடும் உச்ச வேகத்தை இழந்துவிடுவீர்கள். பயாஸில் பிரிசிஷன் பூஸ்ட் ஓவர்டிரைவைப் (தானாக வேகம் கூட்டும் ஏஎம்டி வசதி) போட்டு, கர்வ் ஆப்டிமைசரில் எல்லாக் கோருக்கும் மைனஸ் 10 கொடுத்து ஆரம்பியுங்கள். வோல்டேஜ் குறைந்து வேகம் கூடும்; நம் வெப்பத்துக்கு இது நல்ல பொருத்தம்.

பிராசசர் நிலைத்தபின் ரேம். எக்ஸ்எம்பியை, ஏஎம்டி டிடிஆர்5 என்றால் எக்ஸ்போவை இயக்கினாலே போதும். புதியவர்கள் டைமிங் எண்களில் கை வைக்க வேண்டாம். ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86-ஐ இரவு முழுக்க ஓட்டுங்கள். ஒரே ஒரு பிழை வந்தாலும் ரேம் வேகத்தை ஒரு படி குறையுங்கள், ஏனென்றால் அந்தப் பிழை உங்கள் படங்களையும் கோப்புகளையும் சத்தமில்லாமல் கெடுக்கும்.

பிறகு கணினியை முழுதாக உழைக்கவைத்துச் சோதிக்கும் ஓசிசிடி மென்பொருளை ஒரு மணி நேரம். உழைப்பு ஏறியதும் 'டபிள்யூஎச்இஏ' என்று தொடங்கும் நீலத் திரை வந்தால் பெரும்பாலும் வோல்டேஜ் போதவில்லை. எச்சரிக்கையே இல்லாமல் பட்டென்று அணைந்தால் கூலரை அல்லது பவர் சப்ளையைப் பாருங்கள். கூலரின் அடியில் உள்ள பிளாஸ்டிக் தாளை உரிக்காமல் மாட்டியவர்களும் உண்டு. அணையாமல் வேகம் மட்டும் இறங்கினால் சிப்போ, அதற்கு மின்சாரம் தரும் விஆர்எம் பகுதியோ சூடேறிவிட்டது. கேஸின் ஃபேன்களைத் துடையுங்கள். எல்லாம் ஓடியபின் அமைப்பைப் பயாஸின் புரொஃபைலில் பெயரிட்டுச் சேமியுங்கள்.

இத்தனைக்கும் பிறகு ஒரே ஒரு ரேம், வேறு பவர் சப்ளை, சீமாஸ் அழிப்பு மூன்றும் பலிக்கவில்லை என்றால்தான் போர்டைக் கடைக்குக் கொண்டுபோக வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை திறக்கும்போது எறும்பும் பல்லியும் உள்ளே குடியேறியிருக்கின்றனவா என்று பார்த்தால் அந்தப் பயணம் இன்னும் தள்ளிப்போகும். கொண்டுபோவதாக இருந்தால், பிராசசரைக் கழற்றியதும் சாக்கெட்டின் மேல் வாங்கும்போது வந்த பிளாஸ்டிக் மூடியைப் போடுங்கள். இன்டெல் போர்டிலும் ஏஎம்5 போர்டிலும் ஊசிகள் சாக்கெட்டில்தான் இருக்கின்றன. ஒன்று வளைந்திருந்தாலும் வாரண்டியில் எடுக்க மறுப்பார்கள். அந்த மூடியைப் பெட்டியோடு பத்திரமாக வையுங்கள்.