நாய் கடித்த கோழியைத் தேற்றி எடுக்கும் முறை

நாய் கவ்விய கோழிக்கு முதலில் தேவைப்படுவது இருட்டும் வெதுவெதுப்பும் அமைதியும்தான். மருந்து அதற்குப் பிறகுதான். எங்கள் வளர்ப்புப் பெட்டைக்கோழியின் முதுகைத் தெருநாய் ஒன்று கிழித்த அன்று, பதற்றத்தில் புண்ணைக் கழுவுவதிலேயே முனைந்திருந்த நான், அது நடுங்கித் துவண்டுகொண்டிருந்ததைக் கவனிக்கத் தவறினேன். ஆகவே கீழே உள்ள வரிசையை மாற்றாதீர்கள்.

முதல் படி: ஒதுக்கி வைத்தல்

இரத்தம் ஒழுகினால், சுத்தமான துணியை வைத்துச் சில நிமிடங்கள் அழுத்திப் பிடியுங்கள். தூக்கும்போது நெஞ்சை இறுக்கக் கூடாது. நமக்கு மூச்சிழுக்க உதவும் உதரவிதானம் என்ற தசை கோழிக்கு இல்லாததால், நெஞ்செலும்பு அசைந்தால்தான் அதனால் மூச்சுவிட முடியும். பிறகு பழைய துணி விரித்த அட்டைப்பெட்டியிலோ, சாக்குப் போர்த்திய பஞ்சாரத்திலோ தனியாக வையுங்கள். மற்ற கோழிகள் சிவப்பைக் கண்டால் கொத்திக்கொண்டே இருக்கும் என்பதால், அவற்றின் நடுவே ஒரு மணி நேரம்கூட விடக் கூடாது.

இரண்டாம் படி: புண்ணைக் கழுவுதல்

நடுக்கம் அடங்கிய பிறகு, கொதிக்கவைத்து ஆறிய 1 லிட்டர் நீரில் 9 கிராம், அதாவது ஏறக்குறைய ஒன்றரைத் தேக்கரண்டி, தூள் உப்பைக் கரைத்து, ஊசியில்லாத சிரிஞ்சால் புண்ணின் மீது பீய்ச்சிக் கழுவுங்கள். புண்ணைச் சுற்றியுள்ள இறகுகளைப் பிடுங்காமல் கத்தரியுங்கள். முளைத்துவரும் இளம் இறகின் தண்டில் இரத்தம் ஓடும் என்பதால் அதை வெட்டாதீர்கள். பின்னர் போவிடோன் அயோடின் என்ற கிருமிநாசினியை வெளிர்ந்த தேநீர் நிறம் வரும்வரை நீரில் கலந்து, பஞ்சில் தொட்டு ஒற்றுங்கள். ஹைட்ரஜன் பெராக்சைடு நல்ல சதையையும் அரித்துவிடும். அதை நாள்தோறும் ஊற்றுவது புண் ஆறுவதைத் தாமதப்படுத்தும்.

நாயின் பல் பதிந்த துளை வெளியே சிறிதாகத் தெரிந்தாலும் உள்ளே ஆழமாக இருக்கக்கூடும். துளை ஆழமாக இருந்தாலோ, தோலுக்கடியில் காற்று உப்பினாலோ, எலும்பு தெரிந்தாலோ, துர்நாற்றம் வீசினாலோ, காத்திருக்காமல் அருகிலுள்ள அரசு கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டு செல்லுங்கள். நுண்ணுயிர்க்கொல்லி மருந்து கொடுத்தால், எத்தனை நாள் முட்டையை உண்ணக் கூடாது என்பதையும் அங்கேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

மூன்றாம் படி: ஈக்களைத் தடுத்தல்

கடியைவிட நான் அஞ்சுவது ஈயைத்தான். ஈரமான புண்ணில் ஈ இட்ட முட்டை ஒரே நாளுக்குள் புழுவாகிச் சதையைத் துளைக்கத் தொடங்கிவிடும். எனவே கோழியைக் கொசுவலைக்குள் வைத்து, எச்சம் பட்ட துணியை உடனுக்குடன் மாற்றி, காலையும் மாலையும் இறகை விலக்கிப் பாருங்கள்.

நான்காம் படி: நீரும் தீனியும்

நீரை வாய்க்குள் ஊற்றாதீர்கள்; நாக்கின் வேருக்குப் பின்னாலேயே மூச்சுக்குழாய் திறந்திருப்பதால் புரையேறிவிடும். அலகின் ஓரத்தில் சொட்டுச் சொட்டாக விட்டால் தானே விழுங்கும். நீர் இறங்கிய பின், குழைந்த நொய்க்கஞ்சியும் வேகவைத்த முட்டையும் கொடுக்கலாம். காலையில் கழுத்தடியிலுள்ள தீனிப்பையைத் தடவிப் பாருங்கள். இரவு தின்றது செரித்திருந்தால் அது காலியாக இருக்கும்.

ஐந்தாம் படி: கூட்டத்தில் சேர்த்தல்

புண் காய்ந்து, தோல் மூடி, சிவப்பு மறையும்வரை பொறுத்திருங்கள். முதலில் சில நாட்கள் வலைத் தடுப்புக்கு இப்புறமும் அப்புறமுமாகப் பழகவிட்டு, பிறகு ஓரிரவு மற்றவை அடைந்த பின் அவற்றின் அருகே அமர்த்துங்கள். விடியும் முன்பே எழுந்து, அவை கொத்துகின்றனவா என்று அருகில் நின்று பாருங்கள். கொத்தினால் மீண்டும் தடுப்புக்குள் விட்டு, ஒரு வாரம் கழித்து முயலுங்கள்.