குன்னூரில் எல்லோருக்குமான சேர்ந்திசைக் குழு

ஆட்டிசம் உடையோரும் பால்புதுமையினரும் (தன்பால் ஈர்ப்பினர், திருநர் உள்ளிட்டோர்) அச்சமின்றிப் பாடும் குழுவைக் குன்னூரில் தொடங்க விரும்புவோர் முதலில் கூடத்தின் கூரையைப் பார்க்க வேண்டும். தகரக் கூரையில் பருவமழை எழுப்பும் இரைச்சல், ஒலி கூச்சம் உள்ளவர்களைப் பாடத் தொடங்கும் முன்பே சோர்வடையச் செய்துவிடும்.

ஆண்களுக்கு 1 கட்டை, பெண்களுக்கு 5 கட்டை என்று சுருதியை (பாட்டின் ஆதார ஒலியளவை) வகுக்கும் வழக்கத்தைக் கைவிடுங்கள். சுருதிப்பெட்டியை மெல்ல ஒலிக்கவிட்டு, ஒவ்வொருவரின் குரலும் தொண்டை இறுகாமல் எங்கே நிற்கிறது என்று தனித்தனியே கேட்டு, அதன்படியே மேல்குரல், கீழ்க்குரல் வரிசைகளை அமையுங்கள். டெஸ்டோஸ்டிரோன் என்ற ஹார்மோனை எடுத்துக்கொள்ளும் திருநம்பியின் குரல் மாதக்கணக்கில் இறங்கிக்கொண்டே வருமாதலால், அவருடைய சுருதியை அவ்வப்போது மீண்டும் பார்ப்பது மிக மிக அவசியம்.

பயிற்சியின் வரிசையை முன்கூட்டியே எழுதி அனுப்புங்கள். இடையில் எழுந்து நடப்பதைத் தடுக்காதீர்கள். அனுமதியின்றி எவரையும் படமெடுக்காதீர்கள். சிறிய மலையூரில் அந்தப் படம் வீடுவரை போய்ச் சேரும். கடைசிப் பேருந்துக்கு முன்பே முடித்துவிடுங்கள்.