மேலே ஏறும்போது மட்டும் அணைந்த சூட்டுச் சட்டை

நார்வேயின் ஒஸ்லோ ஃபியோர்டில் (கடல் உள்வாங்கிய குடா) பிப்ரவரி மாதம் டைவிங், தண்ணீர் 4 டிகிரி. டிரைசூட்டுக்குள் (தண்ணீர் புகாத டைவிங் உடை) போடும், பேட்டரியில் சூடாகும் 12 வோல்ட் சூட்டுச் சட்டை ஒவ்வொரு முறையும் பாதியில் அணைந்தது. கரையேறிச் சோதித்தால் நன்றாகச் சூடாகும்.

முதலில் பேட்டரியைச் சந்தேகப்பட்டேன், குளிரில் லித்தியம் சோர்ந்துவிடும் என்று. ஐஸ் வாளியில் போட்டு ஓட்டினேன். ஒரு மணி நேரம் தாங்கியது. அப்புறம் வெளிக் கேபிளின் இணைப்புகளைத் துடைத்து சிலிக்கான் கிரீஸ் தடவினேன். பயனில்லை. புதுக் கேபிள் வாங்கியது வெறும் தண்டச்செலவு.

ஆழத்தையும் நேரத்தையும் பதியும் டைவ் கம்ப்யூட்டரின் பதிவைப் பார்த்தபோதுதான் பிடிபட்டது: நான் குளிரை உணர்ந்ததெல்லாம் மேலே ஏறும்போது. ஏறும்போது டிரைசூட்டுக்குள் இருக்கும் காற்றை வெளியேற்ற இடது முழங்கையை உயர்த்துவோம், அதற்கான வால்வு இடது மேற்கையில்தான் இருக்கிறது. வீட்டில் கையைத் தூக்கினால் ஒன்றும் ஆகவில்லை. டிரைசூட்டை மாட்டி, குந்தி உட்கார்ந்து, உள்காற்றை முழுக்கப் பிதுக்கிவிட்டுத் தூக்கினேன். அணைந்தது!

நீரழுத்தத்தில் சூட் உடம்போடு ஒட்டும்போது, மார்பில் உள்ள இன்னொரு வால்வின் வழியே உள்ளே வந்து சட்டைக்குப் போகும் வயரில் தளர்ச்சியே இல்லை. கை உயர்ந்ததும் உள்ளே இருக்கும் சின்ன பிளக் பாதி கழன்றுவிடும். டிரைசூட்டைக் கழற்றும்போது பார்த்தால், எல்லாம் கழற்றுகையில் உருவிக்கொண்டது போலத் தெரியும்.

வயரை அக்குளை விட்டு விலக்கி, இடுப்புப் பக்கமாக ஒரு சாண் தளர்ச்சியோடு கொண்டுபோனேன். பிளக்கைச் சுற்றி டேப். நேற்று 42 நிமிடம், கடைசிவரை சூடு.