சாமி கண்ணைக் குத்தும் என்பதற்கு மாற்றாக ஒரு கேள்வி
பொய் சொன்னால் சாமி கண்ணைக் குத்தும் என்று மிரட்டி வளர்க்கப்படும் பிள்ளை, அப்படி எதுவும் நடப்பதில்லை என்பதை விரைவிலேயே கண்டுகொள்கிறது. வேலூர் நேதாஜி மார்க்கெட்டில் இலவம்பாடி முள் கத்தரிக்காய் வாங்கும்போது கடைக்கார அம்மா பத்து ரூபாய் கூடுதலாகத் தந்துவிட்டால், நீங்களே திருப்பிக் கொடுத்துவிடாமல், மீதிச் சில்லறையைப் பிள்ளையிடம் எண்ணக் கொடுத்து, “இரவு கணக்குப் பார்க்கும்போது இந்தப் பத்து ரூபாய் யாருக்குக் குறையும்?” என்று கேளுங்கள், விடையையும் பிள்ளையே சொல்லி, பணத்தையும் தன் கையாலேயே கொடுக்கட்டும். கடவுள் நம்பிக்கை உள்ளவர்கள் இறைவனைப் பற்றி அதன்பிறகு பேசலாம். முந்திக்கொண்டால் பிள்ளை யோசிக்காது. நம்பிக்கை இல்லாத வீட்டிலும் இதே கேள்வி செல்லும். பரிசாக மிட்டாய் மட்டும் வேண்டாம் (தாத்தா பாட்டிகளைத் தடுப்பதுதான் கடினம்).